எங்கள் காருக்கு இன்னும் எத்தனை வருஷம்?

1

நாலு மாதத்துக்கு முன் எங்கள் காருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. கார் விற்ற கடைக்காரர்கள் பலூன் படமெல்லாம் போட்டு, "உங்கள் காருக்கு மூன்று வயது நிறைகிறது" என்று மடல் அனுப்பியிருந்தார்கள். அதற்கு ஒரு கிழமை முந்தித்தான் என்னுடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள் வந்து போனது. எனக்கு மடல் ஒன்றும் வரவில்லை. மகள் அபி மட்டும் அடுத்த அறையில் இருந்தபடியே என் தொலைபேசிக்கு ஒரு கேக் படம் அனுப்பினாள்.

வாழ்த்துக்குக் கீழேதான் விஷயம் இருந்தது. மூன்று வயதோடு கம்பனி கொடுத்த வாரண்டி முடிகிறது. அதற்குப் பிறகு என்ஜின் இருமினாலும் தும்மினாலும் எங்கள் பாடு. ஆனால் நாங்கள் பயப்படத் தேவையில்லையாம். குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டினால் வாரண்டியை நீட்டித் தருவார்களாம். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பீர்கள். திருகோணமலையில் இருக்கும் என் தங்கச்சி பெருக்கியே பார்த்துவிட்டாள். "உந்தக் காசுக்கு இஞ்ச ஒரு ஓட்டோ வாங்கலாம் அக்கா" என்றாள்.

என்னுடைய இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சிவநேசன், ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். கப்பலில் வந்த ஆணிப் பெட்டியையும் திறந்து பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார். அந்தக் காலத்தில் காதில் செருகிய பென்சில் கனடா வந்த பிறகும் இறங்கவில்லை. இப்போது பாண், ரொட்டி சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தேகாலுக்குக் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பார். நான் குசினி யன்னலால் பார்த்தபடி தேத்தண்ணி ஊற்றுவேன். பிறகு நானும் பஸ் பிடித்துப்போய் ஒரு மருந்துக்கடையில் குளிசைகளைப் போத்தல்களில் அடைப்பேன். எங்கள் நாட்கள் இப்படித்தான் போகின்றன.

ஒரு தாச்சிச் சட்டி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் வாரண்டியை லேசில் விடுவாரா? இருபத்தெட்டுப் பக்கப் புத்தகத்தைப் பென்சிலோடு வாசித்தார். போவோர் வருவோரையெல்லாம் பிடித்து விசாரித்தார். ஒரு கலியாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போதுகூடப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வாரண்டி முடிந்து ஒன்பதாம் நாள் கியர்பெட்டி உடைந்ததாம். இன்னொருவர் வாரண்டியை வாங்கி வைத்திருந்தும் ஒன்றுமே உடையவில்லை என்று மனவருத்தத்தோடு சொன்னார். மூன்றாமவர் கூட்டாளியின் கராஜில் ஒருமுறை ஓயில் மாற்றிவிட்டார். அதைச் சாட்டி வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கடைசியாக என்னைக் கேட்டார்.

"உதில எழுதியிருக்கிற ஒண்டும் உடையாது. உடையிற ஒண்டும் உதில எழுதேல்லை."

"அப்பிடியும் சொல்லேலாது" என்று மறுபடியும் முதலாம் பக்கத்துக்குப் போனார்.

2

இவர் இவ்வளவு யோசிப்பதற்கு நானும் ஒரு காரணம். பழைய வாரண்டியைப் பயன்படுத்த ஒரேயொரு தடவைதான் சந்தர்ப்பம் வந்தது. அதைக் கெடுத்தவள் நான்தான்.

கார் வாங்கிய கிழமையே இங்குள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தோம். நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்தோம். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "எங்கே பூச?" என்று கேட்டார். "முன்னுக்கு, நடுவில, நல்லா அப்புங்கோ ஐயா" என்றேன். ஐயரும் வஞ்சகம் இல்லாமல் கம்பனிச் சின்னத்தின் மேல் ஒரு பிடி அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்துவிட்டார்.

அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் காரின் கண் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முன்னால் போகும் வாகனத்தை அறிந்து தானாகவே பிறேக் போடுகிற கருவி அது. இரண்டு நாளில் சந்தனம் காய்ந்து சீமெந்துபோல் இறுகிவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று கார் திரையில் எழுதிக் காட்டி, கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. புதுக் கார் பழுது என்று இவர் கொதித்துப்போய்க் கடைக்குக் கொண்டுபோனார். கையுறை போட்ட ஒரு பெரிய மனிதர் மஞ்சள் பொருக்கைச் சுரண்டி எடுத்து, மோந்து பார்த்து, சாப்பிடுகிற சாமானா என்று கேட்டார். இவர் தெரிந்த ஆங்கிலத்தில் பிள்ளையாரிலிருந்து தொடங்கி விளக்கினார். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அவர்கள் தந்த துண்டில் இப்படி இருந்தது: "வெளிப்பொருள். மஞ்சள் நிறம். வாசனை உள்ளது. வாரண்டியில் அடங்காது."

அந்தத் துண்டை அபி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிற சிநேகிதிகளுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவாள்.

3

வாரண்டியில் இவரை உண்மையில் தடுத்தது விலையும் இல்லை, விதிகளும் இல்லை. படிவத்தின் முதற் கேள்விதான். "இந்தக் காரை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பதாக உத்தேசம்?" கீழே மூன்று பெட்டிகள். இரண்டு, நாலு, ஏழு. ஒன்றில் சரி அடையாளம் போட வேண்டும்.

நாங்கள் கனடாவுக்கு இரண்டு வருஷத்துக்கென்று வந்து பத்தொன்பது வருஷமாகிறது. புறப்பட்டபோது ஊர் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுதத் தேவையில்லை. "ரெண்டு வருஷத்தில எல்லாம் அடங்கிவிடும், திரும்பி வந்திடுவம்" என்று இவர் சொன்னார். சண்டை முடிந்தும் அது இரண்டாகவே இருந்தது. அபி பள்ளிக்கூடம் சேரட்டும், இன்னும் இரண்டு. அபி கம்பஸ் போகட்டும், இன்னும் இரண்டு. போகும்போது நல்ல விலைக்கு விற்கலாமென்று வீட்டுக் கதிரைகளின் பிளாஸ்ரிக் உறையைக்கூட நாங்கள் கழற்றவில்லை. பத்தொன்பது வருஷமாக வழுக்கி வழுக்கித்தான் இருக்கிறோம்.

எனக்கு ஊருக்குப் போக விருப்பம். ஒளிக்காமல் சொல்கிறேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருப்பது என் சீதன வீடு. மேல்மாடிக்கு ஏறினால் உள்துறைமுகத் தண்ணீர் தெரியும். இப்போது தங்கச்சி அங்கே இருந்து பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் என் சொந்தக் குசினியில் நின்று, யன்னலால் பனியைப் பார்க்காமல், ஒரு தேத்தண்ணி ஊற்ற வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

அதனால் இவருடைய பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் இரண்டு இரண்டு என்கிறவர், எழுத்தில் இரண்டைத் தொடுவாரா? பென்சில் இரண்டுக்கு மேல் நின்றது, நாலுக்கு மேல் நின்றது, பிறகு காதுக்குப் போய்விட்டது. "ஊருக்குப் போய் வந்து பார்ப்பம்" என்றார். அந்த மாதம் நாலு கிழமை லீவில் திருகோணமலைக்குப் போவதாக இருந்தது. வாரண்டிக்கான கடைசி நாள் அந்த லீவுக்குள் ஒரு வியாழக்கிழமை. புத்தகம் பெட்டிக்குள் வேட்டிக்கும் சேர்ட்டுக்கும் நடுவில் போனது.

4

எங்களுக்கு இன்னொரு காரும் இருக்கிறது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், பச்சை நிறம், அபியைவிட வயதில் மூத்தது. புறப்பட்ட அன்று இவர் அதன் சாவியை ஹனீபா நானாவிடம் கொடுத்தார். நானா என்றால் அண்ணன். கிண்ணியாக்காரர். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் கராஜ் வைத்திருந்தவர். "ரெண்டு வருஷம் நானா, பழுதாகாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றுதான் இவர் சொன்னது.

ஓர்ஸ் ஹில்லில் முதல் நாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மேட்டில் ஒரு கார் ஏறும் சத்தம் கேட்டது. எங்களுக்கெல்லாம் அது வெறும் சத்தம். இவர் மட்டும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். பச்சைக் கார் படலைக்குள் வந்து நின்றது. நானா இறங்கினார். ஒரு முழங்கால் மடங்கவில்லை.

முன் பம்பரில் ஒரு நூல் தொங்கியது. அதில் கொட்டைப்பாக்கு அளவில் கறுத்துச் சுருங்கிய ஒன்று ஆடியது. நாங்கள் புறப்பட்ட அன்று நான் கட்டிவிட்ட தேசிக்காய்.

"இதை ஏன் நானா இன்னும் வச்சிருக்கிறியள்?"

"நீங்க கட்டினது தங்கச்சி. கழட்டச் செல்லல்லயே" என்றார்.

விசாரித்தால், மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, உள்துறைமுக வீதியால் ஒரு சுற்று ஓடி, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷம். பெற்றோலுக்கும் பற்றரிக்கும் இவர் அனுப்பியதைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரே வரிசையில் நின்றபோது, சவாரி செய்ய ஆளில்லாத இந்தக் காருக்காகவும் இரண்டு நாள் நின்றாராம். பக்கத்தில் நின்றவர்கள் எங்கே போகிற அவசரம் என்று கேட்டார்களாம். "எங்கயும் போகல்ல, சும்மா ஸ்டார்ட் பண்ண" என்று நானா சொல்லி, அடி விழாத குறையாம்.

அபி காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய தமிழ் எப்போதும் ஒரு கால் தாங்கித்தான் நடக்கும். "நீங்கள் எங்கட காரை வளர்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், வளத்தன்" என்றார் நானா. அதைவிடச் சரியான சொல் எனக்கும் தெரியவில்லை.

5

புதன்கிழமை நாங்கள் மூவரும் நானாவின் கராஜுக்குப் போனோம். இவர் கையில் அந்தப் புத்தகம். கனடாவில் கேட்டவர்கள் எல்லாரும் முடிந்து, இனி நானாதான் மிச்சம். நானா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாசித்துச் சொல்லுமாறு அபியிடம் கொடுத்தார்.

"வெள்ளம் வந்தா இல்ல. எலி கடிச்சா இல்ல. நீங்க பிழையா ஓடினா இல்ல" என்று அபி மொழிபெயர்த்தாள்.

"அப்ப வண்டிய வீட்டுக்குள்ள பூட்டி வச்சிப் பாத்துக்கிட்டு இரிக்கணும்."

"பூட்டி வச்சாலும் டைம் முடிஞ்சா இல்ல."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார்.

"தம்பி, நானும் ஒரு விசயம் செல்லணும். முழங்கால் ஏலாமப் போச்சு. கராஜக் குடுத்திட்டன். வாற மாசம் கிண்ணியாவுக்கு, மகள்ட ஊட்டுக்குப் போறன். கந்தளாயில ஒராள் உங்கட வண்டியக் கேக்காரு. ஓட இல்ல, உடைச்சி பார்ட்ஸ் விக்க. நாளைக்கு வாறாராம். குடுக்கச் செல்லுங்க, குடுக்கன். வேணாமெண்டா கிண்ணியாவுக்குக் கொண்டு போய் வச்சிருக்கன். ஆனா இன்னும் எத்தின வருசம்? நம்பர் ஒண்டு செல்லுங்க."

"இன்னும் ரெண்டு வருஷம் நானா..." என்று இவர் தொடங்கினார்.

"ரெண்டு வேணாம் தம்பி. ரெண்டு எனக்கு மனப்பாடம். வேற நம்பர் செல்லுங்க."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. வெட்கமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக என்னை ஏமாற்றியது போதாதென்று, ஒரு மனிதரின் முழங்காலையுமல்லவா தேய வைத்திருக்கிறோம்.

"இஞ்சாருங்கோ, வர விருப்பமில்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. நானா காரை வித்துப்போட்டு நிம்மதியாய்ப் போகட்டும். நானும் கதிரை உறையைக் கழட்டிப்போட்டு ஒழுங்காய் இருக்கிறன்."

இவர் அபியைப் பார்த்தார். வழக்கமாகக் காரணம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அவள் முந்திக்கொண்டாள். "அப்பா, நான் ரீசன் இல்ல" என்றாள். நாலு சொல்தான். எங்கள் வீட்டில் இவ்வளவு திருத்தமாக யாரும் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

இவர் போய்ப் பச்சைக் காரின் மட்கார்டில் சாய்ந்தார்.

"எனக்கு விருப்பமில்லாமலில்லை. பயமாயிருக்கு" என்றார். "ஹாபரில என்ர கதிரையில ஆரோ இருந்து, அவரும் பென்ஷன் எடுத்திட்டார். இஞ்ச வந்து நான் என்ன செய்யிறது?"

இருபத்தாறு வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பயத்தை இவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் ஒருநாளும் விசாரிக்கவில்லை என்பதும் உண்மைதான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ன செய்யிறதா?" என்றார் நானா. "மாசத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கிட்டப் படிங்க, லேசான வேல."

முதலில் சிரித்தது இவர்தான். சிரிப்பு அடங்கியதும் தொலைபேசியை வெளியே எடுத்தார். கடையிலிருந்து அனுப்பிய படிவம் அதில் இருந்தது. நடுவிலிருந்த பெட்டியில் விரலை வைத்தார். நாலு. கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

எனக்கு உயிரே போனது. வாரண்டியைத்தான் நீட்டினார் என்று நினைத்தேன். இன்னும் நாலு வருஷப் பனி.

"முறைக்காதேயும்" என்றார். "நாலு வருஷம். அது முடிய அந்தக் கார் அபிக்கு, இந்தக் கார் எனக்கு. நானா, நாலு எண்டு எழுதுங்கோ."

நானா ஓயில் மாற்றிய கணக்கையெல்லாம் பொனற்றின் உட்பக்கத்தில் சோக்கால் எழுதுகிறவர். அதைத் தூக்கிப் பிடித்து, பெரிதாக 4 என்று எழுதினார். பிறகு கந்தளாய்க்காரருக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றார்.

6

இப்போது ஒவ்வொரு மாதமும் கிண்ணியாவிலிருந்து ஒரு குரல் பதிவு வருகிறது. குரல் என்று சொல்லக்கூடாது, முழுக்க என்ஜின் சத்தம். இவர் அதைப் பாண் தொழிற்சாலையின் இடைவேளையில் போட்டுக் கேட்கிறாராம். வேலைக் கூட்டாளிகள் அது எங்கள் ஊர்ப் பாட்டா என்று கேட்டார்களாம்.

கதிரை உறைகளைக் கழற்றிவிட்டேன். நாலு வருஷமாவது வழுக்காமல் இருப்போம்.

நீடித்த வாரண்டி வாங்கலாமா என்று இப்போது பலர் என்னைக் கேட்கிறார்கள், ஏதோ நான் அந்தப் பாடத்தில் பட்டம் எடுத்தவள் மாதிரி. என் பதில் சுருக்கமானது. காருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. புருஷனுக்கு நல்லது. பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் முடிவு நாள் போட்டு வந்த காகிதம் அது ஒன்றுதான். அதைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குக் கீழே வைத்திருக்கிறேன். சந்தனமும் வைத்தேன். இந்தத் தடவை அது ஒன்றையும் மறைக்கவில்லை.

போன சனிக்கிழமை கார்க் கடையிலிருந்து டெரிக் என்கிற விற்பனையாளர் போன் பண்ணினார். இவர் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டுக் கதைத்தார். எங்களுக்கு மட்டும் விசேட சலுகையாம். கொஞ்சம் கூடக் கட்டினால் நாலை ஏழாக்கித் தருவார்களாம். "ஏழோ..." என்று இழுத்த இவரின் கை தானாகக் காதுப் பக்கம் போனது. பென்சில் இறங்கி, மேசையில் இருந்த கடித உறையின் பின்புறத்தில் ஏதோ எழுதத் தொடங்கியது.

கனடா வந்த நாளிலிருந்து ஆங்கிலப் போன் வந்தால் இவரிடமோ அபியிடமோ கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறவள் நான். அன்று இவர் கையிலிருந்த போனை நானே வாங்கினேன். "நோ, டெரிக்" என்றேன். "ஃபோர்." அவர் காரணம் கேட்டார். மறுபடியும் "ஃபோர்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"சும்மா கேட்டு வைப்பம் எண்டுதான்..." என்றார் இவர்.

பென்சிலையும் வாங்கிவிட்டேன். அது இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாலு வருஷம் முடிய, ஓர்ஸ் ஹில்லில் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன்.